பொன் தேடிய மலையில் வெந்நீர்: காஸ்டைன் ஊற்றுகள் இயங்கும் விதம்

ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் மாநிலத்தில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில், செங்குத்தான மலைச்சரிவைப் பற்றிக்கொண்டு நிற்கும் ஊர் பாட் காஸ்டைன். ஊரின் நடுவே ஓடும் ஆறு, மூன்று படிகளாக 341 மீட்டர் கீழே விழுகிறது. அந்த அருவியை ஒட்டிய சிறு சதுக்கத்தில் ஷ்ட்ரௌபிங்கர் என்ற பழைய விடுதி இருக்கிறது. ஷ்லெஸ்விக், ஹோல்ஸ்டைன் நிலப்பகுதிகளின் நிர்வாகத்தைப் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் பங்கிட்டுக்கொண்ட ஒப்பந்தம் 1865 ஆகஸ்ட் 14 அன்று கையெழுத்தானது இங்கேதான். பேரரசர்களும் அமைச்சர்களும் இவ்வளவு உயரத்துக்கு ஏறி வந்து தங்கியதற்குக் காரணம் சரிவின் பாறை வெடிப்புகளிலிருந்து பெருகும் வெந்நீர். அதே மலைத்தொடரின் அதே வகைப் பாறையில், பள்ளத்தாக்கின் தென்கோடியில் இருக்கும் போக்ஸ்டைனில், சுரங்கத் தொழிலாளர்கள் நூற்றாண்டுகளாகப் பொன் வெட்டினார்கள். பொன்னும் வெந்நீரும் ஒரே பள்ளத்தாக்கில் அமைந்தது தற்செயல் அன்று என்பதால், இரண்டையும் சேர்த்தே விளக்க வேண்டியிருக்கிறது.

வெந்நீர் ஊற்று என்றதும் பலருக்கு எரிமலை நினைவுக்கு வரும். காஸ்டைனில் எரிமலை கிடையாது. நிலத்துக்குள் இறங்க இறங்க, கிலோமீட்டருக்குச் சுமார் 30 டிகிரி செல்சியஸ் என்ற அளவில் வெப்பம் கூடுகிறது. இந்த ஊற்றுக்கு அந்த இயல்பான வெப்பமே போதுமானது. ஊருக்கு மேலே உள்ள கிரௌகோகல் மலையில் பெய்யும் மழையும் உருகும் பனியும் பாறையின் நுண்ணிய வெடிப்புகள் வழியாகச் சொட்டுச் சொட்டாகக் கீழிறங்குகின்றன. ஐந்து டிகிரியில் புறப்பட்ட நீர் இரண்டு கிலோமீட்டர் ஆழம் வரை சென்றால், மேற்சொன்ன கணக்கின்படி 65 டிகிரியை எட்டிவிடும். சூடான நீர் எடை குறைந்தது. அதோடு, மேலே மலைக்குள் நிரம்பியிருக்கும் குளிர்ந்த நீரின் அழுத்தம் அதைப் பின்னாலிருந்து தள்ளுகிறது. அகலமான ஒரு பிளவு கிடைத்ததும் அது விரைந்து மேலேறி, வழியில் கொஞ்சம் ஆறி, சுமார் 46 டிகிரியில் ஊருக்குள் வெளிப்படுகிறது. இறங்கும் பயணம் மிக மெதுவானது என்பதால், இன்று தொட்டியில் விழும் நீர் மழையாகப் பெய்து சில ஆயிரம் ஆண்டுகள் ஆகியிருக்கும். பதினைந்துக்கும் மேற்பட்ட ஊற்றுக்கண்களிலிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 லட்சம் லிட்டர் நீர் வருகிறது.

ஆக, வெந்நீர் ஊற்றுக்கு முதல் தேவை ஆழமான, அடைபடாத பிளவு. ஆல்ப்ஸ் மலைகள் எழுந்தபோது இப்பகுதியின் கெட்டியான நைஸ் பாறை நெரிந்து, ஏறக்குறைய ஒரே திசையில் ஓடும் பல பிளவுகளாக உடைந்தது. சில கோடி ஆண்டுகளுக்கு முன், இன்றைய நீரைவிடப் பன்மடங்கு சூடான நீர்மங்கள் அப்பிளவுகளின் வழியாக ஆழத்திலிருந்து மேலேறின. அந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் பொன் கந்தகத்தோடு பிணைந்து நீரில் கரைந்திருக்கும். மேலே வரும்போது வெப்பமும் அழுத்தமும் குறைந்தாலோ, பாறையிலுள்ள இரும்பு அந்தக் கந்தகத்தைப் பறித்துக்கொண்டாலோ, பொன்னுக்கு நீரில் நிற்க வழியில்லை. குவார்ட்ஸ் படிகங்களுக்கு இடையே நுண்துகள்களாகப் படிந்துவிடும். போக்ஸ்டைனுக்கு மேலே உள்ள ராட்ஹவுஸ்பெர்க் மலையில் தொழிலாளர்கள் துரத்திச் சென்ற வெண்ணிற நரம்புகள் இப்படி அமைந்தவையே. ஒன்றை இங்கே தெளிவுபடுத்துவது நல்லது: இன்றைய ஊற்றுநீர் பொன்னைக் கொண்டுவரவில்லை. பொன் கொணர்ந்த நீர் என்றோ வற்றிவிட்டது. பாறையில் அது பயன்படுத்திய பிளவுகளின் குடும்பத்தையே, வெகுகாலம் கழித்து மழைநீர் வழியாக்கிக்கொண்டது.

பதினாறாம் நூற்றாண்டில் வைட்மோசர் குடும்பம் இந்தச் சுரங்கங்களால் பெருஞ்செல்வம் ஈட்டியது. அதே நூற்றாண்டில் மருத்துவர் பாராசெல்சஸ் காஸ்டைன் நீரைப் பற்றி எழுதினார். பொன் வரவு குறைந்த பிறகும் குளிக்க வருவோர் குறையவில்லை. மொசார்ட்டுக்குச் சம்பளம் கொடுத்தவரும் அவரோடு பிணங்கியவருமான பேராயர் கொலோரெடோ, 1794-இல் ஷ்ட்ரௌபிங்கருக்கு அருகே ஒரு குளியல் மாளிகை எழுப்பினார். 1830-இல் மரக்குழாய்கள் வழியாகச் சுமார் எட்டு கிலோமீட்டர் கீழே உள்ள ஹோஃப்காஸ்டைனுக்கும் வெந்நீர் சென்றது. இவ்வளவு பேர் நாடி வந்தும், நீரில் அப்படி என்னதான் இருக்கிறது என்ற கேள்விக்கு அன்றைய வேதியியலால் நிறைவான பதில் தர இயலவில்லை. காஸ்டைன் நீரில் கரைந்த உப்புகள் மிகக் குறைவு; ருசியில் அது ஏறக்குறைய சாதாரணத் தண்ணீர்தான்.

விடைக்கான தடயம் ஊற்றுக்கண்களின் வாயிலேயே கிடந்தது. கரும்பழுப்பு நிறத்தில், விரலில் மைபோல் ஒட்டும் ஒரு சேறு அங்கே படிகிறது. போக்ஸ்டைன் சுரங்க நிர்வாகியாக இருந்த கார்ல் ரைசாகர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இந்த ஊற்றுகளை ஆராய்ந்தவர். அவர் நினைவாக அச்சேறு ரைசாகரைட் எனப் பெயர் பெற்றது. ஆழத்து நீரில் ஆக்சிஜன் குறைவு. ஆகவே அதில் மாங்கனீசு கரைந்த நிலையிலேயே வருகிறது. வாய்ப்பகுதியில் காற்று பட்டதும் அது ஆக்சைடாக மாறிப் படிகிறது. இந்த மாங்கனீசு ஆக்சைடு, நீரில் மிக மிகச் சிறிய அளவில் இருக்கும் ரேடியத்தைக் கவ்விப் பிடித்துச் சேர்த்துவைக்கும் இயல்புடையது. சேற்றுக்குப் பெயர் வைத்த காலத்தில் ரேடியம் என்ற தனிமமே கண்டுபிடிக்கப்படவில்லை. ஒரு சுரங்க நிர்வாகி கைப்பிடிச் சேற்றைப் பொருட்படுத்தி எடுத்துவைத்த அந்த அக்கறையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

1904-இல் வியன்னாவைச் சேர்ந்த இயற்பியலாளர் ஹைன்ரிக் மாக்கே, காஸ்டைன் நீரில் கதிரியக்க வாயு இருப்பதை அளந்து காட்டினார். அவ்வாயுவை இன்று ரேடான் என்கிறோம். பாறையிலுள்ள யுரேனியம் பல படிகளில் சிதைந்து ரேடியமாகிறது. 1,600 ஆண்டு அரை ஆயுள் (பாதி அளவு சிதைய ஆகும் காலம்) கொண்ட ரேடியம் சிதைந்து ரேடானாகிறது. ரேடானின் அரை ஆயுள் 3.8 நாள்கள் மட்டுமே. இந்த எண்தான் இங்கே முக்கியமானது. இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில் நீரில் சேர்ந்த ரேடான், ஆயிரமாண்டுப் பயணத்தில் தாக்குப்பிடிக்காது. ஆகவே நாம் அளக்கும் ரேடானில் பெரும்பகுதி மேற்பரப்புக்கு அருகே, ரேடியம் படிந்த பிளவுச் சுவர்களைக் கடைசி நேரத்தில் நீர் உரசி வரும்போதுதான் கலந்திருக்க வேண்டும். வாயு என்பதால், திறந்த தொட்டியில் நீரைக் கொட்டி ஆறவைத்தால் ரேடான் காற்றோடு போய்விடும்.

1940-இல் போக்ஸ்டைனில் மறுபடியும் பொன்னாசை எழுந்தது. ராட்ஹவுஸ்பெர்க்கின் அடியில் பாசல் சுரங்கம் என்ற புதிய குகைவழி குடையப்பட்டு, 1944 வரை சுமார் இரண்டரை கிலோமீட்டர் உள்ளே சென்றது. எடுத்துச் செல்லத்தக்க பொன் கிடைக்கவில்லை. ஆனால் உள்ளே போகப் போக வெக்கை தாங்க முடியாததாயிற்று. ஊருக்குள் நீராக வரும் அதே வெப்பம், இங்கே பிளவுகளின் வழியே ஈரக்காற்றாகவும் ஆவியாகவும் வந்தது. மூட்டுவலி இருந்த தொழிலாளர்கள் வலி குறைந்ததாகச் சொல்லத் தொடங்கினர். போருக்குப் பின் இன்ஸ்புருக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்து பார்த்தார்கள். 1952-இல் சுரங்கம் சிகிச்சைக் கூடமாகத் திறக்கப்பட்டது. இன்று நோயாளிகள் குறுகிய ரயிலில் ஏறி, 37 முதல் 41.5 டிகிரி வரை வெப்பமுள்ள பகுதிகளுக்குச் சென்று, வரிசையாகப் போட்ட படுக்கைகளில் வியர்க்க வியர்க்கப் படுத்திருக்கிறார்கள். உள்ளே ஒரு கன மீட்டர் காற்றில் ரேடான் அளவு சராசரியாக 44,000 பெக்கெரல் (நொடிக்கு ஓர் அணு சிதைவதைக் குறிக்கும் கதிரியக்க அலகு). வீடுகளுக்கு உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கும் எல்லை 100 பெக்கெரல்.

இந்த இரு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்கள் திடுக்கிடுவது இயல்பு. புகைபிடித்தலுக்கு அடுத்தபடியாக நுரையீரல் புற்றுநோயை உண்டாக்குவது ரேடான் என்பதில் மருத்துவ உலகில் ஐயமில்லை. வீட்டில் ஆண்டுக்கணக்கில் சுவாசிப்பதற்கும், மருத்துவர் மேற்பார்வையில் சில வாரங்களுக்குள் பத்து முறை அளவில், ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் போல உள்ளே இருப்பதற்கும் மொத்தக் கதிர்வீச்சில் பெரும் வேறுபாடு உண்டு. ஆயினும் ஆபத்து சுழி என்று யாரும் சொல்ல முடியாது. முதுகெலும்பை இறுக்கும் அழற்சி நோயால் வருந்திய 120 நெதர்லாந்து நோயாளிகளை மூன்று குழுக்களாகப் பிரித்து நடந்த ஆய்வு 2001-இல் வெளியானது. மூன்று வாரம் காஸ்டைன் பள்ளத்தாக்கில் சிகிச்சை பெற்ற குழுவுக்கு, வீட்டிலேயே வழக்கமான சிகிச்சையைத் தொடர்ந்த குழுவைவிட மாதக்கணக்கில் நிவாரணம் நீடித்தது. ஆனால் காஸ்டைன் சென்றவர்களுக்கு ரேடானோடு வெப்பமும், குழு உடற்பயிற்சியும், அன்றாட வேலையிலிருந்து மூன்று வார ஓய்வும் சேர்ந்தே கிடைத்தன. ஆகவே நிவாரணத்தில் ரேடானின் பங்கு எவ்வளவு என்பதை அந்த ஆய்விலிருந்து பிரித்தெடுக்க இயலாது.

ஷ்ட்ரௌபிங்கர் விடுதி இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் மூடப்பட்டு, இருபது ஆண்டுகளுக்கு மேல் பாழடைந்து கிடந்தது. புதுப்பிக்கப்பட்டு 2023-இல் மீண்டும் திறக்கப்பட்டிருக்கிறது. பூட்டிக் கிடந்த அத்தனை ஆண்டுகளிலும், அதன் பின்னால் உள்ள சரிவில் ஊற்றுக்கண்கள் அதே 46 டிகிரியில் நீரையும், வாயில் அந்தக் கரும்பழுப்புச் சேற்றையும் தள்ளிக்கொண்டே இருந்தன.