மைக்ரோ பைனான்ஸ்: நுண்கடனா, நுண்நிதியா?

'மைக்ரோ பைனான்ஸ்' என்பதற்கு நுண்கடன், நுண்நிதி, குறுங்கடன், சிறுகடன் என்று நான்கு சொற்களை மாற்றி மாற்றி எழுதுகிறோம். ஊருக்குள் கேட்டால் ஐந்தாவதாக ஒன்று கிடைக்கும்: "குழு லோன்."

'மைக்ரோ' கிரேக்கம், சிறியது என்று பொருள். 'பைனான்ஸ்' பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது, வேர்ப்பொருள் 'முடிவு'. கடனைத் தீர்த்துக் கணக்கை முடிப்பதைத்தான் அது முதலில் குறித்தது. பணம் திரட்டுதல், கையாளுதல் என்ற பொருள்கள் பிறகு ஏறியவை. ஒரு குழுவின் டியூ கட்ட இன்னொரு குழுவில் லோன் எடுக்கும் பெண்களை நினைத்தால், அந்த வேர்ப்பொருள் நெஞ்சை உறுத்துகிறது.

தமிழில் 'நுண்' என்பதில் குறை இல்லை. நுண்ணுயிர், நுண்கலை என்று பழகிய அடைதான். 'நிதி' வடசொல், சேர்த்துவைத்த செல்வம், புதையல் என்று பொருள். கண் + நீர் கண்ணீர் ஆவதுபோல இதுவும் இலக்கணப்படி 'நுண்ணிதி' ஆகவேண்டும். படித்தவுடன் புரியாது என்பதால் பிரித்து எழுதுவதே நல்லது. 'கடன்' நம் சொல். 'ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே' என்ற புறநானூற்று (312) அடியில் அது கடமை. கடமையும் திருப்பித் தரவேண்டிய பணமும் தமிழில் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன.

வங்கதேசத்தின் ஜோப்ரா கிராமத்தில் 1976இல் பொருளாதாரப் பேராசிரியர் முகமது யூனுஸ் 42 பேருக்குக் கடனாகக் கொடுத்தது மொத்தம் 27 டாலர். மூங்கில் முக்காலி முடையும் பெண்கள் மூங்கில் வாங்கவே வியாபாரியிடம் கடன்பட்டிருந்தார்கள். அந்தச் சிறுதொகைதான் 1983இல் கிராமீன் வங்கியாக வளர்ந்தது. அது நுண்கடன். தருமபுரியில் 1989இல் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்களின் வழி வேறு. முதலில் மாதாமாதம் சேமிப்பு, அதிலிருந்து தங்களுக்குள் கடன், பிறகுதான் வங்கி. சேமிப்பும் கடனும் சேர்ந்த இதற்கே நுண்நிதி என்ற பெயர் பொருந்தும்.

இந்த வேறுபாட்டை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 'நுண்நிதி வறுமையை ஒழிக்கும்' என்று சொல்லிவிட்டு, கிராமத்துக்குள் கடனை மட்டும் அனுப்புகிறோம். ஐதராபாத்தில் நடந்த ஒன்று உட்பட, ஆறு நாடுகளில் நடந்த ஆய்வுகள் 2015இல் வெளியாயின. சிறுதொழில் ஓரளவு விரிந்தது, ஆனால் குடும்ப வருமானம் சராசரியாகக் குறிப்பிடும்படி உயரவில்லை என்றே அவை காட்டின. காரணம் புரியாததல்ல. கடன் வாங்கிச் சினை மாடு பிடித்தால், அது கன்று போட்டுப் பால் கறக்க மாதங்கள் ஆகும். வாரத் தவணையோ அடுத்த வாரமே வாசலுக்கு வந்துவிடும். சேமிப்பு இருந்த வீடு அந்த இடைவெளியைத் தாங்கும். இல்லாத வீடு கம்மலை அடகு வைக்கும். இலங்கையில் 'நுண்கடன்' என்றே சொல் நிலைத்திருக்கிறது. அங்கே 2018இல், வறட்சி தாக்கிய மாவட்டங்களில் பெண்கள் பெற்ற நுண்கடன்களில் ஒரு பகுதியை அரசே தள்ளுபடி செய்ய நேர்ந்தது.

குறுங்கடன் வேண்டாம், குறுகிய காலக் கடனோடு குழம்பும். சிறுகடன் என்றால் அளவு மட்டுமே தெரிகிறது. பணம் மட்டும் கைமாறினால் நுண்கடன், சேமிப்பும் சேர்ந்தால் நுண்நிதி என்று எழுதலாம். 'குழு லோன்' என்பதைக் குழுக்கடன் என்று ஏற்றுக்கொள்வதில் எனக்கு மகிழ்ச்சியே. நகையோ நிலமோ கேட்காத இந்தக் கடனுக்கு, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மற்றப் பெண்கள்தான் ஈடு. அதைச் சொல்வது அந்தச் சொல் ஒன்றுதான்.