ஆங்கர்: நங்கூரமா, ஆப்பா?

சுவரில் இரும்புத் தூலமோ சி சேனலோ பொருத்தும் இடத்தில் காதில் விழும் சொல் ஆங்கர். சிலர் ஆங்கர் போல்ட் என்பார்கள், சிலர் பாஸ்னர் என்பார்கள். பசை ஊற்றிப் பொருத்துவதென்றால் ‘கெமிக்கல் போடு’ என்பார்கள். ஏட்டுத் தமிழில் இதை ‘நங்கூர மரையாணி’ என்று பெயர்ப்பதுண்டு. நேர்ப் பெயர்ப்பு என்ற அளவில் பிழையில்லை. ஆனால் சுவருக்குள் என்ன நடக்கிறது என்பதை அந்தப் பெயர் சொல்வதில்லை.

ஆங்கரின் வேர் கிரேக்க ‘அங்க்கூரா’. லத்தீனில் ‘அங்கோரா’ ஆகி ஆங்கிலத்துக்குப் போனது. வளைவு, கொக்கி என்பதே வேர்ப்பொருள். யானைப்பாகன் கையிலுள்ள அங்குசம் என்ற வடசொல்லும் அதே வேரில் கிளைத்தது. நம் ‘நங்கூரம்’ தமிழ்ச் சொல் போலத் தோன்றினாலும் பாரசீக ‘லங்கர்’ என்பதன் திரிபு. ஆக, ஆங்கரை விரட்டி நங்கூரத்தை வைத்தால் ஒரு கப்பல் சொல்லுக்கு இன்னொரு கப்பல் சொல், அவ்வளவுதான்.

கட்டடத்துக்கு இந்தச் சொல் ஏறிய விதம் கவனிக்கத்தக்கது. ஹாலந்தின் பழைய செங்கல் வீடுகளின் முகப்பில் வளைந்த இரும்புப் பட்டைகள் தெரியும். சிலவற்றில் அவை வீடு கட்டிய ஆண்டின் எண்களாகவே வடிக்கப்பட்டிருக்கும். டச்சு மொழியில் அவற்றுக்குச் சுவர் நங்கூரம் என்று பெயர். உள்ளே இருக்கும் மரத் தூலத்தின் முனையிலிருந்து ஒரு கம்பி சுவரை ஊடுருவி வந்து, வெளிப்புறம் அந்தப் பட்டையில் மாட்டிக்கொள்ளும். கொக்கி போட்டுப் பிடிப்பதால் அங்கே நங்கூரம் என்பது பொருத்தமான பெயர்.

இன்று கடையில் வாங்கும் பாஸ்னர் அந்த இனமல்ல. நட்டை முறுக்க முறுக்க போல்ட்டின் கூம்பு முனை அதைச் சுற்றியுள்ள உறைக்குள் ஏறும், உறை விரிந்து துளையின் சுவரை நெருக்கும். அதாவது ஆப்பு. ஆப்பு நிற்க வேண்டுமானால், நெருக்கினாலும் பிளக்காத பொருள் சுற்றிலும் வேண்டும். நல்ல கான்கிரீட்டுக்கு அந்தத் தெம்பு உண்டு. அங்கேயும் இழுக்கும்போது போல்ட் தனியாக வராது, கான்கிரீட்டைக் கூம்பாகப் பெயர்த்துக்கொண்டு வரும். அந்தக் கூம்பின் அகலம் ஆழத்தைப் போல் மூன்று மடங்கு. 70 மி.மீ. ஆழத்தில் நிற்கும் போல்ட்டுக்கு ஓரத்திலிருந்து 105, அடுத்த போல்ட்டிலிருந்து 210 மி.மீ. இடைவெளி இருந்தால்தான் முழு வலிமை கிடைக்கும். ஆழத்தைப் பூச்சின் மேலிருந்து அளப்பதுதான் வழக்கமான தவறு. 12 முதல் 15 மி.மீ. வரையான பூச்சு எந்தச் சுமையையும் தாங்காது. அதைக் கழித்துவிட்டு அளக்க வேண்டும். தூலம் உட்காரும் இடத்தில் பூச்சை வெட்டி எடுத்துவிடுவது இன்னும் நல்லது. இல்லாவிட்டால் பூச்சு நொறுங்கிய இடைவெளியில் போல்ட் வளையும்.

செங்கல்லில் கதை வேறு. நம்மூர்ச் செங்கல் பல ச.மி.மீ.க்கு 3.5 நியூட்டன் அழுத்தம் தாங்கும் தரம்தான். ஆப்பை முறுக்கினால் கல் இரண்டாகும். சில நேரம் அன்றைக்கே தெரியாது, மழைக்காலத்தில் விரிசலாகத் தெரியும். இங்கே பசை வகையே ஏற்றது. 12 மி.மீ. மரைக்கம்பிக்கு 14 மி.மீ. துளை, 110 மி.மீ. ஆழம். கலவை இணைப்பில் துளைக்காமல் கல்லின் நடுவில், சுத்தியல் அடியை நிறுத்திவிட்டு வெறும் சுழற்சியில் துளைக்க வேண்டும். பிறகு ஊது, பிரஷ் போடு, மறுபடி ஊது. இதை இரண்டு முறையாவது செய்ய வேண்டும். தூசி இருந்தால் பசை தூசியைத்தான் பிடிக்கும், கல்லை அல்ல. குழாயிலிருந்து முதலில் வரும் நிறம் கலக்காத பசையைத் தள்ளிவிட்டு, துளையின் அடியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு நிரப்பி, கம்பியைத் திருகியபடி இறக்க வேண்டும். அட்டையில் போட்டிருக்கும் நேரம் முடியும்வரை தொடக்கூடாது.

உள்ளே பொந்துள்ள ஹாலோ பிளாக்கில் பொந்தைச் சுற்றிய பக்கத்தின் தடிமன் ஒன்று, ஒன்றரை அங்குலம்தான். விரியும் முனை வெற்றிடத்தில் போய் விரியும். சல்லடை உறை போட்டுப் பசை ஊற்றலாம், அது இலகுவான சுமைக்குத்தான். தூலம் என்றால் அந்த வரிசைகளின் பொந்தைக் கான்கிரீட்டால் நிரப்பியாக வேண்டும். ஏஏசி பிளாக் என்பது காற்று நுண்ணறைகள் நிறைந்த இலகுவான கல், அதில் ஆப்பு அந்த அறைகளை நொறுக்கிவிடும். அங்கே சுவரை ஊடுருவி மறுபுறம் 100 × 100 × 6 மி.மீ. தகடு வைத்து முறுக்குவதே வழி. அதாவது ஹாலந்துக்காரர் வழி, உண்மையான நங்கூரம். ஆனாலும் தூண்களுக்கு நடுவே அடைத்த சுவரில் தூலத்தை மாட்டுவதே தப்பு. அதைத் தூணுக்குக் கொண்டுபோக வேண்டும்.

கனமான உத்திரத்துக்கு எந்த ஆங்கரும் வேண்டாம், சுவர் மேல் உட்கார வைக்க வேண்டும். 2 டன் இறங்கும் முனைக்கு 100 × 100 தகடு வைத்தால் ச.மி.மீ.க்கு 2 நியூட்டன் அழுத்தம். செங்கல் கட்டு ஏற்பது 0.35 முதல் 0.5 வரைதான். அடியில் 230 × 250 மி.மீ. கான்கிரீட் தாங்குகல் போட்டால் அந்த அளவுக்குள் வரும்.

தகரச் சாய்ப்புக்குப் பாரத்தை மட்டும் கணக்குப் பார்ப்பார்கள். தகரமும் கம்பியும் ச.மீ.க்கு 15 கிலோதான். சென்னைக்குத் தரநிலை சொல்லும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். அதன் அழுத்தம் ச.மீ.க்கு 150 கிலோவை ஒட்டி வரும், அதுவும் மேல்நோக்கித் தூக்கக்கூடியது. போல்ட்டைப் பிடுங்குவது பெரும்பாலும் காற்றுதான்.

தலைக்கு மேல் ஓயாமல் தொங்கும் சுமைக்குப் பசையை மட்டும் நம்பலாகாது. 2006 ஜூலையில் பாஸ்டன் சுரங்கச் சாலையில் கூரைப் பலகைகள் விழுந்து ஒரு பெண் இறந்தார். தொடர் இழுவையில் எப்பாக்சி பசை மெல்ல மெல்ல நெகிழ்ந்ததே காரணம் என்று விசாரணை கண்டது. 2012 டிசம்பரில் ஜப்பானின் சசாகோ சுரங்கச் சாலையில் பசை ஆங்கர்கள் பிடி விட்டு 9 பேர் இறந்தார்கள்.

ஆங்கர் என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேலைகள் ஒளிந்திருப்பதால், தமிழில் மூன்று பெயர் இருப்பதே முறை: நெருக்கிப் பிடிப்பது விரியாணி, ஒட்டிப் பிடிப்பது பசையாணி, ஊடுருவி மறுபுறம் மாட்டுவது ஊடாணி. நங்கூரம் என்று சொல்லியே ஆக வேண்டுமென்றால் மூன்றாவதற்குச் சொல்லலாம். மதிப்பீட்டுத் தாளில் ‘ஆங்கர் 5’ என்று எழுதுவதற்குப் பதில், ‘12 மி.மீ. பசையாணி 5, பூச்சு நீங்கலாக 110 மி.மீ. ஆழம், செங்கல் சுவர்’ என்று எழுதினால் கடைக்காரர் தப்பான பெட்டியை நீட்ட மாட்டார்.