ஐரிஷ் பெயரடை: எங்கே மாறும், எங்கே மாறாது

பெரிய மனிதன், பெரிய பெண், பெரிய வீடுகள். தமிழில் 'பெரிய' அசையாது. பயனிலையாக வரும்போதுதான் பெரியவன், பெரியவள், பெரியவை என்று மாறும். அயர்லாந்தின் மொழியான ஐரிஷில் இது அப்படியே தலைகீழ். தமிழர் முதலில் சறுக்குவது இங்கேதான்.

'மோர்' என்றால் பெரிய (நீர்மோருக்கும் இதற்கும் உறவில்லை). பெயருக்குப் பின்னால் வரும். ஆண்பால் பெயரோடு 'ஃப்யர் மோர்', பெரிய மனிதன். பெண்பால் பெயரோடு முதல் மெய் மென்மையாகி 'ப்யன் வோர்', பெரிய பெண். அந்த வகரம் அயர்லாந்தின் தென்மேற்கே கெர்ரியில் ஆங்கில வி போலவும் வடமேற்கே டொனகாலில் டபிள்யூ போலவும் ஒலிக்கும். எழுத்தில் எம்முக்குப் பின் ஓர் எச் சேரும். பழைய கேலிக் அச்சில் எச்சுக்குப் பதில் எழுத்தின் தலைமேல் புள்ளி.

'அந்தப் பெண் பெரியவள்' என்பதற்கோ 'தா அன் வ்யன் மோர்' ('அன்' முன்னால் வந்ததால் 'ப்யன்' 'வ்யன்' ஆகிறது). பயனிலையில் மென்மை கூடாது. 'வோர்' என்று முடித்தால் "அந்தப் பெரிய பெண்..." என்று வாக்கியம் பாதியில் தொங்கும், கேட்பவர் மிச்சத்துக்குக் காத்திருப்பார். பன்மையிலும் பயனிலைக்கு அதே மோர்தான்.

பெயரை ஒட்டி வந்தால் பன்மைக்கு 'மோரா'. 1958இல் வெளியான அரசுத் தரநிலைப்படி இங்கே பால் பார்ப்பதில்லை, பெயரின் முடிவைத்தான் பார்க்க வேண்டும். மெலிந்த மெய்யில் முடிந்தால், அதாவது எழுத்தில் கடைசி மெய்க்கு முன் ஆங்கில 'ஐ' (i) நின்றால், மென்மை உண்டு: 'ஃபிர் வோரா', பெரிய மனிதர்கள். உயிரில் முடிகிற 'ம்னா'வுக்கு இல்லை: 'ம்னா மோரா', பெரிய பெண்கள். எண் முன்னால் வந்தால் கதை வேறு. 'ட்ரீ ஹபல் வோரா', மூன்று பெரிய குதிரைகள்: குதிரை ஒருமை, பெயரடை பன்மை, மென்மையும் உண்டு.

ஆறாம் வேற்றுமை ஒருமையில் மென்மை கட்சி மாறும். பெரிய மனிதனுடைய என்றால் 'அன் இர் வோர்'. பெரிய பெண்ணுடைய என்றால் 'ந ம்னா மோரெ'. இந்தப் பெண்பால் வடிவத்தை மனப்பாடம் செய்துவிடுங்கள், ஒப்பீட்டுக்கும் பெரும்பாலும் அதுவே உதவும்: 'ஓக்' இளைய, 'நீஸ் ஓகெ' இன்னும் இளைய. அன்றாடச் சொற்கள் சில முரண்டு பிடிக்கும். மோருக்கே 'நீஸ் மோ'தான்.

பாலைப் பொருளை வைத்து ஊகிக்காமல் அகராதியில் பாருங்கள். சிறுமியைக் குறிக்கும் 'கலீன்' இலக்கணத்தில் ஆண்பால், ஆகவே 'கலீன் மோர்'. ஆனால் அவளைச் சுட்டும்போது 'ஷீ', அவள் என்றே சொல்வார்கள்.