இன்கிலாப், தவ்ரா: ஒரே நாளுக்கு இரண்டு பெயர்கள்

'இன்குலாப் ஜிந்தாபாத்' என்ற முழக்கத்தின் வழியே தமிழருக்கு நெடுநாளாகப் பழகிய சொல் இன்குலாப். மௌலானா ஹஸ்ரத் மோகானி உருவாக்கிய அம்முழக்கத்தைப் பகத் சிங் நாடறியச் செய்தார். தமிழ்க் கவிஞர் ஒருவர் அதையே தம் புனைபெயராக்கிக்கொண்டார். உருதுவிலும் பாரசீகத்திலும் அச்சொல்லுக்குப் புரட்சி என்பதே பொருள். ஆனால், சொல் பிறந்த அரபு மொழியில் இன்று 'இன்கிலாப்' என்றால் ஆட்சிக்கவிழ்ப்பு என்று பொருள். மக்கள் புரட்சியை அரபியர் 'தவ்ரா' என்பார்கள். ஈரானியர் தம் 1979ஆம் ஆண்டு மாற்றத்தை இன்கிலாப் எனப் பெருமையோடு அழைக்க, அதே நிகழ்வை அரபு இதழ்கள் தவ்ரா என்றே எழுதின.

இன்கிலாப்பின் வேர் 'க-ல-ப'. தலைகீழாகத் திருப்புதல், புரட்டுதல் என்பது அதன் அடிப்படைப் பொருள். தமிழ் முஸ்லிம்கள் உள்ளத்தைக் குறிக்கச் சொல்லும் 'கல்பு' என்பதும் இவ்வேரினதே. தவ்ராவின் வேரோ கிளம்புதல், பொங்குதல் ஆகியவற்றைக் குறிப்பது; புழுதி எழுவதற்கும், சினம் மூள்வதற்கும், எரிமலை குமுறுவதற்கும் அவ்வேரிலிருந்தே சொற்கள் பிறந்துள்ளன. எகிப்தியர் பேச்சில் அது 'ஸவ்ரா' என ஒலிக்கும். வேர்ப்பொருளை மட்டும் பார்த்தால், 'புரட்டு' என்பதிலிருந்து வந்த நம் 'புரட்சி' இன்கிலாப்பிற்கும், 'கிளர்ச்சி', 'எழுச்சி' என்பவை தவ்ராவிற்கும் நேராக அமைகின்றன. ஆனால், வழக்கு வேரைப் பின்பற்றுவதில்லை. 1917இன் ருஷ்ய மாற்றத்தைப் பாரதி 'யுகப் புரட்சி' என்று பாடிய காலந்தொட்டு அச்சொல்லுக்கு மக்கள் எழுச்சியின் மதிப்பு ஏறிவிட்டது. அரபியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இன்கிலாப் இழிசொல்லாக இருக்கவில்லை. 1908இல் இஸ்தான்புல்லில் உதுமானியப் பேரரசின் அரசமைப்பு மீண்டும் நடைமுறைக்கு வந்ததை அரபு எழுத்தாளர்கள் அச்சொல்லாலேயே வரவேற்றனர். பின்னர் படைத்தலைவர்கள் அடுத்தடுத்து ஆட்சியைப் பிடித்த பல பத்தாண்டுகளில்தான் அச்சொல் கறைபட்டது. ஆட்சியைப் பிடித்தவர்களும் அதனால் அதைத் தவிர்த்தார்கள். 1952 ஜூலை 23இல் எகிப்தில் மன்னரிடமிருந்து ஆட்சியைப் பிடித்த படை அதிகாரிகள் தம் செயலை முதலில் 'அருள்பெற்ற இயக்கம்' என்றும், பின்னர் தவ்ரா என்றும் பெயரிட்டுக்கொண்டார்கள்.

2011க்குப் பின் நடந்தவற்றைப் புரிந்துகொள்ள இவ்வேறுபாடு இன்றியமையாதது. அவ்வாண்டு ஜனவரி 25இல் தொடங்கி அதிபர் முபாரக்கைப் பதவியிறக்கிய எழுச்சி தவ்ரா என்பதை எகிப்தில் வெளிப்படையாக மறுத்தவர்கள் குறைவு. அதன் பயனாக, 2012இல் நடந்த அதிபர் தேர்தலில் ஏறத்தாழ 51.7 விழுக்காடு வாக்குகளுடன் முகம்மது முர்சி வென்றார். 2013 ஜூன் 30இல் அவருக்கு எதிராகப் பெருங்கூட்டம் தெருவில் திரண்டது. ஜூலை 3இல் படைத்தலைவர் அப்துல் ஃபத்தாஹ் அல்-சிசி அவரை நீக்கினார். அதை ஆதரித்தவர்கள் 'ஜூன் 30 தவ்ரா' என்றார்கள். எதிர்த்தவர்கள் இன்கிலாப் என்றார்கள். தெருவில் மக்கள் நின்றதும் உண்மை, அதிபரைச் சிறையிட்டது படை என்பதும் உண்மை. ஆகஸ்ட் 14இல் கெய்ரோவின் ராபியா சதுக்கத்தில் கூடியிருந்த முர்சி ஆதரவாளர்களில் குறைந்தது 817 பேர் பாதுகாப்புப் படையினரால் கொல்லப்பட்டனர் என மனித உரிமைக் கண்காணிப்பகம் பதிவு செய்தது. அடுத்த ஆண்டின் அரசமைப்புச் சட்டமோ தன் முகவுரையில் ஜனவரி 25ஐயும் ஜூன் 30ஐயும் ஒரே புரட்சியாகச் சேர்த்தெழுதியது. பெயர் சூட்டுவதில் பணமும் கலந்திருந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட அரசைப் படை கவிழ்த்தால் நிதியுதவியை நிறுத்த வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். ஆண்டுக்கு 130 கோடி டாலர் இராணுவ உதவி அளித்துவந்த வாஷிங்டன், நடந்தது ஆட்சிக்கவிழ்ப்பா எனத் தீர்மானிக்கும் கடப்பாடு தனக்கில்லை என்று கூறி ஒதுங்கிக்கொண்டது. இக்கோழைத்தனத்தை மன்னிக்க இயலவில்லை.

யேமனில் 2014 செப்டம்பர் 21இல் தலைநகர் சனாவைக் கைப்பற்றிய ஹூத்தி கிளர்ச்சியாளர்களும் அந்நாளைத் தவ்ராவாகக் கொண்டாடுகிறார்கள். எதிர்த்தரப்பினருக்கு அது இன்கிலாப்.

துனிசியாவின் நிலை வேறு. 2021 ஜூலை 25இல் நாடாளுமன்றத்தை முடக்கியவர், மக்கள் தேர்ந்தெடுத்த அதிபரும் பல்கலைக்கழகத்தில் அரசமைப்புச் சட்டம் கற்பித்தவருமான கைஸ் சயீத். அவர் துணைக்கழைத்த, அரசமைப்பின் 80ஆவது உறுப்பு, அத்தகைய நெருக்கடிக் காலத்தில் நாடாளுமன்றம் இடைவிடாது கூடியிருக்க வேண்டும் என்றது. அவரோ அதன் வாயிலில் படைவண்டிகளை நிறுத்தினார். எதிர்த்தவர்கள் 'இன்கிலாப்பிற்கு எதிரான குடிமக்கள்' என்ற பெயரில் திரண்டார்கள். அதிபர் தரப்போ அதைப் 'பாதையைச் சரிசெய்தல்' என்றது. அவ்வாண்டு இறுதியில், 2011 எழுச்சியின்போது அன்றைய அதிபர் பென் அலி நாட்டைவிட்டு ஓடிய ஜனவரி 14க்குப் பதிலாக, அவ்வெழுச்சி தொடங்கிய டிசம்பர் 17ஐப் புரட்சி நாளாக அவர் மாற்றினார்.

இவற்றைத் தமிழில் எப்படி எழுதுவது? தமிழ்நாட்டு நாளிதழ்கள் பல்லாண்டுகளாக 'இராணுவப் புரட்சி' என்றும், இலங்கைத் தமிழ் ஏடுகள் 'சதிப்புரட்சி' என்றும் எழுதிவருகின்றன. பின்னது சற்று நேர்மையானது. ஆயினும் இரண்டும் மக்கள் எழுச்சிக்குரிய சொல்லைப் படைக்குத் தானமாகக் கொடுத்துவிடுகின்றன. தவ்ராவுக்குப் 'புரட்சி' அல்லது 'மக்கள் எழுச்சி' எனவும், இன்கிலாப்பிற்கு 'ஆட்சிக்கவிழ்ப்பு' எனவும் கொள்வதே தக்கது. ஆனால், தமிழ்நாட்டில் கட்சித்தாவலால் அரசு விழுவதையும் ஆட்சிக்கவிழ்ப்பு என்பதால், 'படை' அல்லது 'இராணுவ' என்ற அடையைச் சேர்க்க வேண்டும். துனிசியாவில் அதிபர் மாறவில்லை, கவிழ்ந்தது சட்ட ஒழுங்குதான் என்பதால் அதற்கு 'அரசமைப்புக் கவிழ்ப்பு' என்ற சொல்லை முன்வைக்கிறேன்.

இரண்டு சொற்களும் ஒருசேரத் தேவைப்படும் இடமும் உண்டு. சூடானில் பல மாதப் போராட்டத்திற்குப் பின் 2019 ஏப்ரல் 11இல் அதிபர் பஷீரை நீக்கியது படை. ஆகவே அது மக்கள் எழுச்சியின் முடிவில் நிகழ்ந்த படைவழி ஆட்சிக்கவிழ்ப்பு. 2021 அக்டோபர் 25இல் குடிமை அரசைக் கலைத்த படைத்தலைவர் புர்ஹான், தாமும் புரட்சியின் பாதையைத் திருத்துவதாகவே அறிவித்தார். அந்நாளுக்குப் படைவழி ஆட்சிக்கவிழ்ப்பு என்ற ஒரே பெயர்தான் பொருந்தும். புரட்சி என்ற சொல் அன்று அவரை எதிர்த்துத் தலைநகர் கார்ட்டூமின் தெருக்களில் நின்றவர்களுக்கு உரியது.