சைபர்: எழுத்து ஒன்று, சொல் இரண்டு

நாகர்கோவிலில் பெரியவர்களிடம் பேரனின் கணக்குப் பரீட்சை பற்றிக் கேட்டால் 'சைபர் வாங்கிட்டு வந்திருக்கான்' என்பார்கள். போனில் ஏமாந்து பணம் போய்விட்டால் 1930ஐ அழைத்துப் புகார் சொல்வது சைபர் கிரைமுக்கு. இணையத்தில் போகும் தரவை மறைத்து அனுப்ப உதவும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மென்பொருளை வைத்து வெப் சர்வர் எழுதுகிறவர் திரையில் பார்ப்பதும் சைபர். தமிழில் எழுதினால் மூன்றும் ஒன்றுதான். உண்மையில் முதலாவதும் மூன்றாவதும் ஒரே சொல், நடுவில் இருப்பதற்கும் அவற்றுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

தக்கலைப் பக்கம் படிக்கும் பையன் ஒருவன் ப்ராஜெக்டுக்காக சி மொழியில் சின்னதாக ஒரு சர்வர் எழுதிவிட்டு, 'நோ ஷேர்டு சைபர்னு வருது அண்ணே, யாராவது ஹேக் பண்ணிட்டாங்களா?' என்று கேட்டான். ஹேக்கும் இல்லை, ஒன்றும் இல்லை. பிரவுசர் வந்து இணைந்ததும் தனக்குத் தெரிந்த சைபர்களின், அதாவது தரவை மறைத்து அனுப்பும் முறைகளின், பட்டியலை நீட்டும், சர்வர் அதைத் தன் பட்டியலோடு ஒப்பிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். ஓப்பன்எஸ்எஸ்எல்லின் எஸ்எஸ்எல்_அக்செப்ட் என்ற ஒரே வரிக்குள் இவ்வளவும் நடந்துவிடுகிறது. இரண்டு பட்டியலுக்கும் பொதுவாக எதுவும் இல்லையென்றால் அந்தப் பிழை. பட்டியல் சரியாகவே இருந்தாலும், சர்வர் தன்னை அடையாளம் காட்டும் சான்றிதழையும் அதன் ரகசியச் சாவியையும் ஏற்றாமல் விட்டால் அப்போதும் இதே பிழைதான் வந்து நிற்கும். அவனுக்கு வந்தது அதுதான்.

சரி, சொல்லுக்கு வருவோம். அரபியில் சிஃப்ர் என்றால் வெறுமை. இங்கிருந்து போன 'சூன்யம்' என்ற எண்ணை அரபிகள் அப்படி மொழிபெயர்த்துக்கொண்டார்கள். அது லத்தீனுக்குள் நுழைந்து, இத்தாலி வழியில் ஜீரோ ஆனது, பிரெஞ்சு வழியில் ஆங்கிலத்துக்குப் போய் சைஃபர் ஆனது. முதலில் அதற்கும் பொருள் சுழியம்தான், அப்புறம் எந்த இலக்கத்தையும் குறித்தது, எழுத்துக்குப் பதில் எண்ணையோ குறியையோ போட்டுக் கடிதத்தை மறைத்து எழுதும் வழக்கம் பரவியதும் அந்த மறையெழுத்துக்கே பெயராகிவிட்டது. பழைய பொருளோடு ஒரு தடவை தமிழுக்கு வந்த சொல், கம்ப்யூட்டர் காலத்தில் புதுப் பொருளோடு இன்னொரு தடவை வந்திருக்கிறது.

சைபர் கிரைமின் சைபர் கிரேக்கம். குபெர்நேட்டீஸ் என்றால் கப்பலில் சுக்கான் பிடிப்பவர். 1948ல் நார்பர்ட் வீனர் அதிலிருந்து சைபர்நெட்டிக்ஸ் என்று ஒரு துறைக்குப் பெயர் வைத்தார், பிறகு வந்தவர்கள் அதன் தலையை மட்டும் வெட்டி கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எல்லாவற்றிலும் ஒட்டிவிட்டார்கள். நியாயப்படி பார்த்தால் குளச்சலில் விசைப்படகு ஓட்டுகிறவர்தான் சைபர்காரர். கவர்னர் என்ற சொல்லும் இதே வேரில் முளைத்ததுதான்.

தமிழில் எண்ணுக்கு சுழியம் இருக்கிறது, குற்றத்துக்கு இணையவழிக் குற்றம் என்று பத்திரிகைகள் எழுதுகின்றன, அது போதும். சிக்கல் சர்வரில் வரும் சைபருக்குத்தான். பலரும் குறியாக்கம் என்கிறார்கள், எனக்கு ஒத்துவரவில்லை. யூனிகோடு, பேஸ்64 மாதிரி என்கோடிங்குக்கும் அதே சொல்லைத்தான் போடுகிறோம், அதில் ரகசியமே கிடையாது, யார் வேண்டுமானாலும் திருப்பிப் படித்துவிடலாம். 'மறை' என்றாலே ரகசியம். குமரிக் கடலில் 133 அடிக்கு நிற்கிறாரே வள்ளுவர், அவர் 1076ஆம் குறளில் கேட்ட மறையைப் பிறரிடம் கொண்டுபோய்ச் சொல்லும் கயவரை அறைபறை என்கிறார். ஆகவே என்கிரிப்ஷன் மறையாக்கம், சைபர் மறைமுறை, சைபர் சூட் மறைமுறைத் தொகுப்பு.

தொகுப்பு என்று சொல்லக் காரணம் உண்டு. டிஎல்எஸ்_ஏஇஎஸ்_256_ஜிசிஎம்_எஸ்ஹெச்ஏ384 என்ற நீளப் பெயரில் மறைமுறை என்பது ஏஇஎஸ் மட்டும். டிஎல்எஸ் என்பது பிரவுசரும் சர்வரும் பாதுகாப்பாகப் பேசிக்கொள்ளும் நெறிமுறை. 256 சாவியின் பிட் நீளம், ஜிசிஎம் அதை இயக்கும் விதம், வழியில் யாராவது தரவில் கைவைத்தால் காட்டிக்கொடுப்பதும் அதுவே, கடைசியில் இருப்பது சாவிகளை வருவிக்க உதவும் ஹேஷ், அதாவது எந்தத் தரவையும் ஒரே நீளமுள்ள சுருக்கமாக மாற்றும் கணக்கு.

ஓப்பன்எஸ்எஸ்எல்லில் 'நல்' (ஆங்கிலத்தில் NULL, ஒன்றுமில்லை என்று பொருள்) என்ற பெயரோடும் சில தொகுப்புகள் இருக்கின்றன. அவை எதையும் மறைக்காது, அனுப்பியது அப்படியே போகும், அரபிப் பொருளில் அசல் சைபர். இயல்பான பட்டியலில் அவை சேராது, பட்டியலைக் கையால் எழுதுகிறவர்கள்தான் இழுத்துப் போட்டுவிடாமல் பார்க்க வேண்டும். கையால் எழுதும்போது இன்னொன்று: பட்டியலைக் கொடுக்க டிஎல்எஸ் 1.2 வரைக்கும் ஒரு செயல்கூறு (ஃபங்ஷன்), 2018ல் வந்த 1.3க்குத் தனியாக இன்னொன்று. ஒன்றில் மாற்றியது மற்றதில் மாறாது.