காயாத ஜமுக்காளமும் கரைந்த நைட்ரஜனும்

"துட்டு குடுத்தா முங்குதாவ?" என்று சிரித்தார், தூத்துக்குடியில் சங்கு குளிக்கும் அண்ணாச்சி ஒருவர். செங்கடலில் காசு கட்டி ஒரு வாரம் படகிலேயே உண்டு உறங்கி, மூழ்கிய கப்பல்களையும் பவளப்பாறைகளையும் பார்க்கத் தினமும் மூன்று நான்கு முறை கடலில் இறங்குகிறவர்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். விமானம் ஏறுவதற்கு முந்தைய நாளே முங்குவதை நிறுத்திவிடுவார்கள் என்றதும் சிரிப்பு நின்றது. "வெவரமாத்தான் இருக்காவ" என்றார்.

அந்த விவரம் இதுதான். கடலில் 10 மீட்டர் இறங்க இறங்க ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடும். மேலே ஒன்று என்றால் 30 மீட்டரில் நான்கு. 1941-இல் ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்ட திசில்கார்ம் என்ற பிரிட்டிஷ் சரக்குக் கப்பல் செங்கடலில் ஏறக்குறைய அந்த ஆழத்தில்தான் கிடக்கிறது. மோட்டார் சைக்கிள்களும் லாரிகளும் இன்னும் அதன் வயிற்றுக்குள் நிற்கின்றன. அதை வேடிக்கை பார்க்கிறவர் இழுக்கும் மூச்சு நான்கு மடங்கு அடர்த்தியானது. சிலிண்டரும் அதே வேகத்தில் காலியாகும். சரி, அது அளவுமானி முள்ளைப் பார்த்தால் தெரிந்துவிடும். எந்த முள்ளிலும் தெரியாதது நைட்ரஜன்.

காற்றில் 78 சதவீதம் அதுதான். உடம்புக்கு அதனால் வேலை எதுவும் இல்லை. ஆனால் அழுத்தம் கூடும்போது ரத்தத்திலும் சதையிலும் கொழுப்பிலும் கரைந்து உட்கார்ந்துகொள்ளும். சட்டென்று மேலே வந்தால், கோலியைத் தட்டியதும் சோடா பொங்குமே, அப்படிக் குமிழ்விடும். குமிழ் மூட்டில் வந்தால் வலி. தண்டுவடத்தில் வந்தால் கால் மரத்து விழுந்துவிடும். அதனால்தான் நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஏறாமல், 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நின்று வருகிறார்கள். கொற்கைக் காலத்து முத்துக்குளிப்பவர் கொண்டுபோனது ஒரே மூச்சுக் காற்று, அதில் கரைவது கொஞ்சம்தான். இன்றைக்குக் கம்ப்ரஸர் குழாயைக் கடித்துக்கொண்டு அடியிலேயே வெகுநேரம் கிடக்கும் அண்ணாச்சிக்கு இந்த வலி கேள்விப்பட்ட கதையல்ல.

அப்புறம், எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் நைட்ரஜன் ஏறி இறங்காது. தாமிரபரணியில் துண்டையும் ஜமுக்காளத்தையும் நனைத்துக் காயப்போடுங்கள். துண்டு அரை மணியில் காய்ந்துவிடும். ஜமுக்காளம் மறுநாளும் ஈரமாகவே இருக்கும். ரத்தம் துண்டு, கொழுப்பு ஜமுக்காளம். ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற உடலியல் விஞ்ஞானி ஆடுகளை அழுத்த அறையில் வைத்துப் பார்த்து, 1908-இல் இந்த வேக வித்தியாசத்தைக் கணக்காக்கினார். முங்குகிறவர்கள் கையில் கட்டும் டைவ் கம்ப்யூட்டர் இன்றும் இந்த வகைக் கணக்கைத்தான் போடுகிறது. ஆழத்தையும் நேரத்தையும் வைத்து அது ஊகிக்கிறது, அவ்வளவுதான். உங்கள் உடம்பை அளப்பதில்லை.

படகுப் பயணத்தில் சிக்கல் இங்கேதான். காலையில் நனைந்த ஜமுக்காளம் காய்வதற்குள் மத்தியானம் மறுபடி நனைகிறது, இரவு மறுபடி. ஒவ்வொரு முறையும் ஆழத்தில் இருக்கக்கூடிய நேரம் குறையும். ஆக்சிஜனை 32 சதவீதமாக ஏற்றிய நைட்ராக்ஸ் காற்றில் நைட்ரஜன் குறைவு என்பதால் பலர் அதை எடுக்கிறார்கள். ஆனால் அழுத்தம் மிகுந்தால் ஆக்சிஜனே விஷம். அந்தக் கலவையோடு 33 மீட்டர் அளவில் நின்றுவிட வேண்டும்.

ஒரு வாரம் ஊறிய உடம்போடு விமானம் ஏறினால், அங்கே காற்றழுத்தம் தரையைவிடக் குறைவு, மிச்சமிருக்கும் நைட்ரஜன் குமிழ்விட வாய்ப்பு. பல முறை முங்கியவர் குறைந்தது 18 மணி நேரமாவது தரையில் இருக்க வேண்டும். விமானம்தான் என்றில்லை. தூத்துக்குடியில் முங்கிவிட்டு அன்று சாயங்காலமே மாஞ்சோலை மலைக்கு வண்டியை விட்டாலும் இதே ஆபத்துதான்.