லெவிட்சா: போலந்துக்காரர்களின் 'இடது'

போலிஷ் மொழியில் 'லெவிட்சா' என்றால் இடதுசாரி. சரி, அகராதி வேலை முடிந்தது. ஆனால் போலந்துச் செய்தியில் அதை அப்படியே இடதுசாரி என்று போட்டால், நமக்குச் செங்கொடியும் தொழிற்சங்கமும்தான் நினைவுக்கு வரும். அங்கேயோ கம்யூனிஸ்ட் ஆட்சியை ஆட்டம் காணவைத்ததே 'சாலிடாரிட்டி' என்ற தொழிற்சங்கம்தான்.

'லெவி' என்றால் இடது. 'லெவிட்சா'வுக்கு இடக்கை என்பதே பழைய பொருள். பேச்சு வழக்கில் 'லெவே பாப்பியெரி' என்றால் போலிப் பத்திரங்கள். இடக்கைக்கு அங்கேயும் மரியாதை கம்மிதான். அரசியல் பொருள் பிரான்சிலிருந்து வந்தது. 1789இல் மன்னரின் தடை அதிகாரத்தை எதிர்த்தவர்கள் அவைத்தலைவருக்கு இடப்புறம் உட்கார்ந்தார்கள்.

தமிழில் 'சாரி' என்பதற்குப் பக்கம், நடை, வட்டமிட்டு ஓடுவது என்றெல்லாம் பொருள் உண்டு. 'இடசாரி, வலசாரி' என்பது இடமாகவும் வலமாகவும் சுற்றி வருவதைக் குறித்த பழைய வழக்கு. மலையாளிகள் 'இடதுபட்சம்' என்கிறார்கள். எனக்கென்னவோ நம் சொல்லே பிடிக்கிறது, அதில் கொஞ்சம் நகர்வு இருக்கிறது.

போலந்தின் இடதுசாரிகளும் நன்றாகவே நகர்ந்தார்கள். 1990 ஜனவரியில் வார்சாவின் கலாச்சார மாளிகையில் பழைய ஆளுங்கட்சியான கம்யூனிஸ்ட் கட்சி தன்னைத் தானே கலைத்துக்கொண்டது. தலைவர் ரகோவ்ஸ்கி சொல்ல, கட்சிக் கொடியை மண்டபத்திலிருந்து வெளியே எடுத்துப் போனார்கள். அதே கையோடு அங்கேயே ஒரு சமூக ஜனநாயகக் கட்சியும் பிறந்தது. தலைவர், இளைஞர் குவாஸ்னியெவ்ஸ்கி. 1995 அதிபர் தேர்தலில் 'எதிர்காலத்தைத் தேர்ந்தெடுப்போம்' என்று கேட்டு, சாலிடாரிட்டியை வழிநடத்திய வலேசாவையே அவர் தோற்கடித்தார். பழைய ஆட்சியில் அமைச்சராக இருந்தவருக்கு இப்படியொரு முழக்கம்!

2001இல் சுமார் 41 சதவீத வாக்குடன் ஆட்சிக்கு வந்த இந்த அணி நிறுவன வரியை 27இலிருந்து 19 சதவீதமாகக் குறைத்தது. ஈராக்குக்குப் படையும் அனுப்பியது. பின்னால் 2016இல் குழந்தைகளுக்கு மாதம் 500 ஸ்லாட்டி கொடுக்க ஆரம்பித்ததோ வலதுசாரி அரசு. அங்கே ஒருவரை இடதா வலதா என்று பார்க்கும்போது, வரியைவிட, கம்யூனிஸ்ட் ஆட்சி முடிந்த 1989க்கு முன் அவர் எந்தப் பக்கம் நின்றார், தேவாலயத்தோடு எப்படி என்பதுதான் நீண்ட காலம் முந்தி நின்றது.

அப்படியானால் தமிழில் எப்படி எழுதுவது? 'முன்னாள் கம்யூனிஸ்டுகள்' என்று மொத்தமாகப் போடுவது தவறு. எதிராளிகள் ஏசுவதற்குப் பயன்படுத்தும் 'போஸ்ட்கொமுனா' என்ற சொல்லை நாமும் வாங்கிக்கொண்டதாகிவிடும். பழைய கட்சியிலிருந்து வந்தவர்களுக்கு 'பழைய ஆளுங்கட்சி வழிவந்த இடதுசாரி' என்பது நீளம்தான், ஆனால் சரியாக இருக்கும். 2019 தேர்தலுக்குச் சேர்ந்த கூட்டணிக்கு 'லெவிட்சா' என்பதே பெயர், அதை மொழிபெயர்க்க வேண்டாம். அந்தக் கூட்டணியில் இருந்த 'ரஸெம்' 2015இல் தொடங்கிய கட்சி, பழைய ஆட்சியோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அதை வெறுமனே இடதுசாரி என்றே எழுதலாம். 'ரஸெம்' என்றால் 'ஒன்றாக' என்று பொருள்; 2024இல் அது லெவிட்சாவின் நாடாளுமன்றக் குழுவைவிட்டுத் தனியே போய்விட்டது.